விலையில்லா நூலும் வாய்ப்பூட்டும்

நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் பொறுமையோடு இறுதிவரை படிக்க வேண்டுகிறேன். மறுப்பு இருப்பின் இறுதிவரை படித்தபின் எழுதுக, வரவேற்கிறேன்.

கடந்த வாரம் கிண்டிலில் தமிழ் மின்னூல் ஒன்றைத் தரவிறக்கினேன். ஐந்து நாள்களுக்கு மட்டும் விலையில்லை என்ற அறிவிப்போடு வந்த நூல். அதன் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார். நூல் பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் இட்டு நான்கு வரி எழுத வேண்டுமாம். பிடிக்காவிட்டால் மின்னஞ்சலில் அவருக்கு மட்டும் தெரிவிக்க வேண்டுமாம். இலவசமாகத் தரப்பட்ட நூல் என்பதை நினைவிற்கொண்டு எதிர்மறையான மதிப்புரைகளைத் தவிர்த்து உதவ வேண்டுமாம். அண்மைக் காலத்தில் இத்தகைய குறிப்பை நான் காண்பது இது முதன்முறை அன்று. முகநூலில், வாட்ஸ்அப் குழுக்களில், நூலின் முன்னுரையிலேயேகூட இது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. பணிவான மொழியில் கேட்கப்படுவதால் எவரும் இதைத் தவறாக எண்ணுவதில்லை. நான் எண்ணுகிறேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

உணவகங்களில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நிறை இருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். சாம்பாரில் உப்புக் குறைந்தால் முதலாளியிடம் சொல்வதில் பொருளுண்டு. நாளைய சாம்பார் வேறு சாம்பார். நூல் அப்படியன்று. அச்சு நூலைவிட மின்னூலை எளிதில் திருத்த முடியும் என்பது உண்மையே. ஆயினும் தனியே சொல்லப்பட்ட குறை திருத்தப்பட்டதா என்பதை எவர் அறிவார்? அதற்குள் படித்துவிட்டவர்களுக்கு, படித்ததைத் தம் கட்டுரையில் மேற்கோள் காட்டிவிட்டவர்களுக்கு எவர் தெரிவிப்பார்? உணவகப் பலகையின் அறம் உணவகத்துக்குப் போதும். அறிவுலகத்துக்கு அது போதாது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் இலவச நூல்களுக்கு எதிரி அல்லேன். தமிழ்நாட்டுக்கு வெளியே, வடபுலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ்ப் பதிப்பு வரலாற்றை ஆய்ந்துவரும் எனக்கு, கட்டணமின்றிக் கிடைக்கும் மின்னூல்களே நூலகம். எங்கள் நூலகத்தில் தமிழுக்கு உள்ள இடம் ஒற்றை அலமாரி. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 2013 முதல் படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமத்தில் நூல்களை வெளியிட்டுவரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் ஆகியவை இல்லையென்றால் என்னைப் போன்றோர் ஆய்வு செய்திருக்கவே முடியாது. அந்த நன்றியுணர்வோடுதான் இதை எழுதுகிறேன். அந்த நன்றியுணர்வையே சுரண்டுகிறது இந்த வேண்டுகோள் என்பதாலும் எழுதுகிறேன்.

இனி, என் சொந்தக் கதை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், துறையில் மூத்தவர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாறு குறித்து ஒரு மின்னூலை விலையின்றி வெளியிட்டார். நடை இனியது, படிக்கத் தூண்டுவது. ஆனால் செய்திகளில் பிழைகள் மலிந்திருந்தன. கலித்தொகையை முதன்முதலில் அச்சேற்றியவர் உ.வே. சாமிநாதையர் என்று ஓரிடத்தில் இருந்தது. உண்மையில் 1887இல் அதைப் பதிப்பித்தவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. அவரது தொல்காப்பியப் பொருளதிகாரப் பதிப்பு 1885இல் வெளிவந்தது. நூலிலோ 1895 என்றிருந்தது. இவ்வாறு ஏழு இடங்களைக் குறித்துக்கொண்டேன். நூலின் நடையைப் பாராட்டி, பிழைகளைப் பக்க எண்ணோடு பட்டியலிட்டு, மூன்று நட்சத்திரங்களுடன் ஒரு மதிப்புரை எழுதினேன்.

இரண்டு நாள்களில் தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் சினக்கவில்லை. ‘நீங்கள் எழுதியதில் தவறில்லை அம்மா. ஆனால் இலவசமாகக் கொடுத்த புத்தகத்துக்கு இப்படி எழுதலாமா? என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே’ என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். பேச்சின் முடிவில் அன்போடு, ‘ஆய்வேட்டை எப்போது ஒப்படைக்கிறீர்கள்? நெறியாளர் யார்?’ என்று வினவினார். அவ்வளவுதான். அச்சுறுத்தல் எதுவுமில்லை, அவர் அப்படி எண்ணிக்கூட இருக்க மாட்டார். ஆனால் எங்கள் துறையில் புறத்தேர்வாளர்களாக வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியும். அன்றிரவே மதிப்புரையை நீக்கிவிட்டேன். நாகரிகம் கருதி நீக்கியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் இளைய ஆய்வாளர் ஒருவர் கட்டுரை வாசித்தார். கலித்தொகையை முதலில் அச்சேற்றியவர் உ.வே.சா. என்று அவர் படித்தபோது அவையில் இருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து திருத்தினார். ‘இந்த அடிப்படைச் செய்தியே பிழையென்றால் மற்றவற்றை எப்படி நம்புவது?’ என்ற கேள்வியும் உடன் வந்தது. கட்டுரையின் மையவாதம் நல்ல வாதம். அதைப் பற்றிப் பிறகு எவரும் பேசவில்லை. இடைவேளையில் அவர் என்னிடம் சொன்னார்: ‘அக்கா, அந்தப் புத்தகத்துக்கு நாற்பது பேருக்கு மேல் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லையே!’

குறை சொன்ன ஒருத்தி அவர் எதிரே தேநீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தாள்.

இந்தப் பதிவின் வாதம் முழுவதும் அந்த இடைவேளையில் எனக்கு விளங்கியது. மதிப்புரை என்பது நூலைக் கொடுத்தவருக்கு வாசகர் திருப்பிச் செய்யும் மொய் அன்று. அது அடுத்த வாசகருக்கு நாம் பட்டிருக்கும் கடன். நூலாசிரியர் எனக்கு இலவசமாகத் தந்தது தம் நூலை. அடுத்த வாசகருக்கு நான் சொல்ல வேண்டிய உண்மையைத் தள்ளுபடி செய்ய அவருக்கு உரிமையில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கும் உரிமையில்லை. ஏனெனில் அந்த உண்மை எங்கள் இருவருக்கும் சொந்தமானதன்று.

‘தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?’ என்ற பழமொழியை இங்கே பலரும் எடுத்து வருகிறார்கள். நல்ல பழமொழி, பெறுபவரின் நன்றியைப் பேசுவது. ஆனால் நாம் பேசும் மாடு ஒருவர் வீட்டுத் தொழுவத்தில் நிற்பதன்று. நாளை அதே மாட்டை அடுத்த வீட்டுக்காரரும், மறுநாள் அடுத்த தெருக்காரரும் ஓட்டிச் செல்லப்போகிறார்கள். அவர்களில் சிலர் விலைகொடுத்தே வாங்கப்போகிறார்கள். அவர்கள் வந்து ‘மாடு எப்படி?’ என்று கேட்கும்போதும் வாய்திறக்காதே என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

விலைகொடுத்து என்று சொன்னதை விளக்க வேண்டும். கிண்டிலின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேரும் நூலை ஒவ்வொரு 90 நாள் காலத்திலும் அதிகபட்சம் 5 நாள் விலையின்றித் தரலாம். அக்காலத்தில் மின்வடிவத்தை வேறெங்கும் விற்கக் கூடாது என்பது அதற்கான நிபந்தனை. ஆக, இந்த இலவசம் அன்னதானம் போன்றதன்று. கடை திறப்பு விழாவில் தரும் மாதிரிப் பொட்டலம் போன்றது. அதில் தவறொன்றுமில்லை. எழுத்தாளரும் பிழைக்க வேண்டும். ஆனால் ஐந்து நாள்களில் திரளும் நட்சத்திரங்கள் ஆறாம் நாள் மறைந்துவிடுவதில்லை. விலை திரும்பி வந்த பின்பும் அவை அங்கேயே இருக்கின்றன. ஆறாம் நாள் பணம் செலுத்துபவர் அவற்றை நம்பித்தான் செலுத்துகிறார். ‘இலவச நூல்தானே’ என்று முதல் வாசகரிடம் கேட்டுப் பெற்ற மௌனம், ஆறாம் நாள் வாசகரிடம் காசாகிறது. இதை நூலாசிரியர் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அந்த வேண்டுகோளின் இயங்குமுறை இதுதான் என்கிறேன்.

விற்பனைத் தளமே இந்த வேண்டுகோளை ஏற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2016 அக்டோபரில் அமேசான், பொருளை இலவசமாகக் கொடுத்து மதிப்புரை பெறும் வழக்கத்தைத் தடைசெய்தது. நூல்களுக்கு மட்டும் விலக்களித்தது. மதிப்புரைக்காக முன்படி வழங்குவது பதிப்புலகின் பழைய மரபு என்பதால். அந்த விலக்கிலும் ஓர் எல்லை உண்டு. நூலை இலவசமாகத் தரலாம். அதற்கு ஈடாக மதிப்புரையைக் கேட்கவோ, மதிப்புரை எப்படி இருக்க வேண்டும் என்று செல்வாக்குச் செலுத்தவோ கூடாது. நம் அரசும் 2022 நவம்பரில் இணைய நுகர்வோர் மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. வந்தபோது அது கட்டாயமாக இருக்கவில்லை; நிறுவனங்களை நோக்கியது. ஆயினும் மதிப்புரை என்பது பொதுநம்பிக்கை சார்ந்த ஒன்று என்பதை அது ஏற்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் ஒரு நூலின் பகுதிகளை நியாயமான அளவில் ஆசிரியரின் இசைவின்றியே எடுத்தாளலாம் என்கிறது. ஆசிரியரின் உரிமையைக் காக்க எழுந்த சட்டமே மதிப்புரையாளருக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நாமோ அதைப் பணிவான வேண்டுகோள் ஒன்றினால் சாத்துகிறோம்.

எதிர்த்தரப்பின் வாதங்களை எளியனவாகக் காட்டி வெல்ல நான் விரும்பவில்லை. அவற்றில் வலிமையானவை மூன்று.

முதலாவது: ஒற்றை நட்சத்திரம் ஒரு புதிய எழுத்தாளரைக் கொன்றுவிடும் என்பது. இதில் உண்மையுண்டு. அமெரிக்க இணையப் புத்தகக் கடைகளை ஆய்ந்து செவாலியர், மேய்ஸ்லின் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து நட்சத்திரம் விற்பனையை உயர்த்துவதைவிட ஒற்றை நட்சத்திரம் அதைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்று காட்டியது. ஆனால் 2010இல் பெர்கர், சோரன்சென், ராஸ்முசென் ஆகிய மூவர், நியூயார்க் டைம்ஸ் இதழின் எதிர்மறை மதிப்புரைகளை ஆய்ந்து வேறொன்றைக் கண்டனர். புகழ்பெற்ற எழுத்தாளர்களின் விற்பனை அத்தகைய மதிப்புரையால் குறைந்தது. அறியப்படாத எழுத்தாளர்களின் விற்பனையோ 45 விழுக்காடு உயர்ந்தது. நூல் ஒன்று இருக்கிறது என்பதையே அந்த மதிப்புரை பலருக்கு அறிவித்தது என்பது அவர்கள் தந்த விளக்கம். இரண்டு ஆய்வுகளும் ஆங்கில நூற்சந்தையைப் பற்றியவை; தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் கூறேன். ஒன்றுமட்டும் தெளிவு: புதிய எழுத்தாளரை வாட்டும் பெரும்பிணி பழியன்று, கவனிப்பாரின்மை. காரணம் காட்டி எழுதப்பட்ட ஒரு கடுமையான மதிப்புரை, ‘அருமை, வாழ்த்துகள்’ என்ற நாற்பது வரிகளைவிட அவரை மதிக்கிறது. அதை எழுதியவர் நூலைப் படித்திருக்கிறார்.

இரண்டாவது: விலையில்லை என்பதற்காகவே, அந்த வகை நூலில் நாட்டமே இல்லாதவர்கள் தரவிறக்கிப் பழிக்கிறார்கள் என்பது. ஆசிரியர்களின் குறைகளில் இது மிகவும் நியாயமானது. பரிசு பெற்ற நூல்களுக்குப் பரிசுக்குப்பின் வாசகர் மதிப்பீடு குறைவதாகக் கோவாச்சும் ஷார்க்கியும் 2014இல் எழுதினர். பரிசின் விளம்பரத்தால் அந்நூலின் இயல்பான வாசகர் அல்லாதோரும் வந்து சேர்வதை அதற்கொரு காரணமாகக் காட்டினர். இலவசமும் அப்படித்தான் செய்யும் என்பது என் ஊகம். ஆனால் இதற்கு மருந்து, நூல் எத்தகையது, யாருக்கானது என்று முகப்பிலேயே நேர்மையாகச் சொல்வது. எல்லோரையும் ‘வருக வருக’ என்று கூவி அழைத்துவிட்டு, வந்தவருள் மனநிறைவு கொண்டோர் மட்டும் பேசலாம் என்பது எவ்வகை நீதி?

மூன்றாவது: மதிப்புரை என்ற பெயரில் நடக்கும் வசை. எழுதியவர் பெண்ணென்றால் அவரது ஒழுக்கமும், ஒடுக்கப்பட்ட சமூகத்தவரென்றால் அவரது பிறப்பும் அங்கே விமர்சனத்துக்குள்ளாவதை நாம் அறிவோம். நூலைத் திறந்தே பாராத கூட்டம் ஒன்றுசேர்ந்து ஒற்றை நட்சத்திரங்களைக் கொட்டுவதையும் அறிவோம். இது மதிப்புரையே அன்று. இதை நீக்கக் கோரும் எழுத்தாளரோடு நானும் நிற்பேன். ஆனால் ‘எதிர்மறையாக எழுதாதீர்கள்’ என்ற வேண்டுகோள் வசைபாடியைத் தடுக்குமா? அவர் எந்த வேண்டுகோளுக்கும் செவிசாய்ப்பவர் அல்லர். செவிசாய்ப்பவர் நாகரிகமுள்ள வாசகர். நூலை முழுதும் படித்தவர், பக்க எண்ணோடு எழுதக்கூடியவர், ஆசிரியரின் மனம் நோகுமோ என்று தயங்குபவர். இவ்வேண்டுகோள் களத்திலிருந்து அகற்றுவது அவரைத்தான். எஞ்சுவோர் இரு சாரார்: புகழ்வோரும் வசைபாடுவோரும். பிறகு ‘தமிழில் விமர்சனமே இல்லை’ என்று நாமே புலம்புகிறோம்.

நம் மரபு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்போர் உண்டு. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் அந்நூலைப் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் வைத்துக் காட்டுகிறது. நூல் அவையைக் கடந்தே நூலாயிற்று. நன்னூல் ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும் அதே மூச்சில் பத்துக் குற்றங்களையும் பெயரிட்டுச் சொல்கிறது. கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் முதலான அந்தப் பட்டியல் இன்றைய மதிப்புரையாளருக்கும் பயன்படக்கூடியது. குற்றத்துக்குப் பெயர் சூட்டிய மரபு, குற்றத்தைச் சொல்லாதே என்று கருதியிருக்க முடியாது. அவையடக்கம் என்ற மரபும் நமக்குண்டு. பெரும்புலவர்களும் தம் சிறுமையைச் சொல்லிப் பொறுத்தருள வேண்டினர். இன்றைய வேண்டுகோளை அவையடக்கத்தின் தொடர்ச்சி என்று சிலர் சொல்லக்கூடும். அன்று. அவையடக்கம், குறைகாணும் உரிமை அவைக்கு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு பொறுமையை வேண்டுகிறது. இன்றைய வேண்டுகோள் அவையைக் கலைந்துபோகச் சொல்கிறது.

அருகிலுள்ள காலத்துக்கும் வருவோம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. தமக்கெதிராக எழுந்த கண்டனங்களைச் சந்தித்தார். தம் வாழ்க்கை வரலாற்றில் அவற்றுக்கென ‘கண்டனப் புயல்’ என்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். பின்வந்த பதிப்புகளில் தொடர்ந்து திருத்தியும் வந்தார். பத்துப்பாட்டையும் (1889) புறநானூற்றையும் (1894) தந்த அவருக்குத் தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் புகழைக் கடனாகத் தரவேண்டிய தேவை இல்லை. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழை விமர்சனத்துக்கென்றே தொடங்கினார். கைப்பொருளை இழந்து, புத்தகச் சுமையோடு ஊர் ஊராகச் சென்று விற்ற அவர், தமக்குப் பிடித்ததை மட்டும் எழுதுங்கள் என்று எவரையும் வேண்டவில்லை. நம் காலத்திலேயே, மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் எவரிடமும் ஒரு காசு கேட்டதில்லை; ஆனால் பிழைகண்டால் தெரிவிக்குமாறு வாசகரைக் கேட்டன. உண்மையில் இலவசமாகக் கொடுப்பவர்கள் கேட்பது அதுதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். இது கதை, கவிதை எழுதுவோரின் சிக்கல் மட்டும் என்று கல்விப்புலத்தார் நகைத்துவிட்டுச் செல்ல வேண்டா. இந்த நோய் நம்மிடம் முன்பே இருந்தது. மின்னூல் உலகம் அதை வெளிப்படையாக எழுதிவைத்தது, அவ்வளவே. 2010 முதல் பல்கலைக்கழக ஆசிரியர்களின் பணி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு வந்தது. ஐஎஸ்பிஎன் உள்ள நூல் புள்ளியாயிற்று. கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகள் பெருகின. அவற்றை எவரும் வாங்குவதில்லை; ‘அன்புடன்’ என்று கையெழுத்திட்டு நமக்குத் தரப்படுகின்றன. நாமும் நம்முடையதைத் தருகிறோம். வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை உண்டு. அதன்பின் மதிப்புரை இல்லை. ஒரு நூலை எழுதியதற்குப் புள்ளி உண்டு. ஒரு நூலைப் படித்து இது தவறு என்று காட்டியதற்குப் புள்ளி இல்லை, பகை உண்டு. அன்பளிப்புப் படி என்பதே நம்மிடையே சொல்லப்படாத ஓர் ஒப்பந்தம்: உன் நூலை நான் பொறுத்துக்கொள்கிறேன், என் நூலை நீ பொறுத்துக்கொள்.

இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒருவர் இருக்கிறார். அவர்தான் மாணவர். அவருக்கு யார் யாருக்கு நண்பர் என்பது தெரியாது. ஓலையில் கிடந்ததை எடுத்து அச்சேற்றப் பட்டபாட்டைத் தாமோதரம் பிள்ளை தம் கலித்தொகைப் பதிப்புரையில் எழுதியிருக்கிறார். ஏட்டை எடுக்கும்போதே ஒடிந்து உதிரும் நிலை. அப்படிக் காத்துத் தந்தவரின் பெயர் ஒரு மாணவரின் கட்டுரையிலிருந்து காணாமற்போவதற்கு ஒரு மூத்தவரின் மறதியும், நாற்பது பேரின் நாகரிகமும், ஓர் ஆய்வு மாணவியின் அச்சமும் போதுமானவையாக இருந்தன.

அப்படியானால் நூலாசிரியர் வாசகரிடம் எதையுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம். முழுதும் படித்தபின் எழுதுங்கள் என்று கேட்கலாம். பிழையைப் பக்க எண்ணோடு சுட்டுங்கள் என்று கேட்கலாம். நூலைப் பேசுங்கள், என் சாதியையும் பாலையும் பேசாதீர்கள் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். பொதுவில் எழுதுவதோடு எனக்கும் ஒரு மடல் அனுப்பினால் அடுத்த பதிப்பில் திருத்துவேன் என்று கேட்கலாம். கேட்கக் கூடாதது ஒன்றே: மௌனம். மூத்தவர்கள் இதைக் கூடுதலாக நினைவிற்கொள்ள வேண்டும். தேர்வுக்குழுவிலும் நேர்காணலிலும் அமரக்கூடிய ஒருவர் வைக்கும் வேண்டுகோளை இளையவர் வேண்டுகோளாகக் கேட்பதில்லை.

வாசகருக்கும் கடமைகள் உண்டு. ‘பிடிக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல் மதிப்புரை ஆகாது. நூல் இலவசமாகக் கிடைத்தது என்பதையும், ஆசிரியர் அறிமுகமானவர் என்றால் அதையும் சொல்லிவிட்டு எழுதுவது நேர்மை. முதல் நூல் எழுதுபவரிடம் சொற்களில் பரிவு காட்டலாம். உண்மையில் கழிவு காட்ட வேண்டியதில்லை. படித்து முடிக்க முடியவில்லை என்றால் எந்தப் பக்கத்தில், ஏன் நிறுத்தினோம் என்று சொல்லலாம். அதுவும் அடுத்தவருக்குப் பயன்படும் செய்தியே.

இனி, நான் செய்தது. நேற்றிரவு அந்தப் பழைய மதிப்புரையை மீண்டும் பதிவேற்றினேன். என் சொந்தப் பெயரில், அதே மூன்று நட்சத்திரங்களோடு, ஏழு பிழைகளோடும் அந்நூலின் நடைக்கான பாராட்டோடும். மூன்றாண்டுகளுக்கு முன் இதை எழுதி நீக்கினேன் என்ற வரியையும் சேர்த்தேன். நூலாசிரியருக்குத் தனியே ஒரு மடலும் எழுதினேன்: ‘ஐயா, தாங்கள் அன்று கேட்டுக்கொண்டதால் நீக்கினேன். அது தங்களுக்குச் செய்த உதவி என்று எண்ணினேன். அதன் விலையை ஒரு மாணவர் கொடுத்தார். தாங்களும் ஓர் ஆசிரியர். ஆகவே புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். பிழைகளைத் திருத்திப் புதிய பதிப்பு வெளியிட்டால் மதிப்புரையையும் அன்றே மாற்றி எழுதுவேன்.’ இதை எழுதும்வரை மறுமொழி வரவில்லை. அந்த இளைய ஆய்வாளரிடம், குறை சொன்ன ஒருத்தி நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். அது மடல் எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது.

என் ஆய்வேடு இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. ஒப்படைத்தபின் அதை நூலாக்கி எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வெளியிட எண்ணியிருக்கிறேன். பிழை இல்லாமல் இராது. கண்டவர்கள் எனக்கு மட்டும் சொல்ல வேண்டா. எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள். நூலின் முதல் பக்கத்திலும் அப்படியே அச்சிடுவேன்.